அணிக் கூட்டத்தில் சார் எங்கே நிற்க வேண்டும்?

சாரண ஆசிரியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி (பேசிக் கோர்ஸ்) முடித்துவிட்டு வந்து பள்ளியில் புதிதாகச் சாரணர் ட்ரூப் ஆரம்பித்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். "கொடி, பிரேயர், இன்ஸ்பெக்‌ஷன், கேம் எல்லாம் சரியாப் போகுது சார். ஆனா பேட்ரோல் கார்னர்னு இருபது நிமிஷம் விட்டா பசங்க உக்காந்து கதையடிக்கிறாங்க. போய் நின்னா அமைதியாயிடுறாங்க, ஆனா அப்ப நான்தான் பேச வேண்டியிருக்கு. என்ன பண்றது?" என்றார். பதிலைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன், அவரைப் போல இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

சுருக்கமாகச் சொன்னால் தள்ளி நில்லுங்கள். ஆனால் தள்ளி நிற்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் செய்யாமல் வெறுமனே தள்ளி நின்றால் பிள்ளைகள் கதைதான் அடிப்பார்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு ட்ரூப்பில் அதிகம் போனால் 32 பிள்ளைகள். அது ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரியும். எழுதும்போது அணி, பேச்சில் எல்லாருக்கும் பேட்ரோல். அணிக்கு ஒரு தலைவர், அவர் பி.எல்.; அவருக்கு அடுத்து செகண்ட். பி.எல். சட்டையின் இடது பையில் இரண்டு பச்சைப் பட்டை, செகண்டுக்கு ஒன்று. வாராந்திர ட்ரூப் கூட்டத்துக்கு நடுவே அவரவர் இடத்துக்குப் போய் 15, 20 நிமிடம் உட்காருவது பேட்ரோல் கார்னர். இன்னொரு நாள் அந்த அணி மட்டும் தனியாகக் கூடுவது அணிக் கூட்டம். ஏதாவது முடிவெடுக்க உட்கார்ந்தால் அது பேட்ரோல் இன் கவுன்சில். பெயர்தான் பெரிசு, சனிக்கிழமை ஹைக்குக்கு, அதாவது நடைப்பயணத்துக்கு, அரிசி யார் கொண்டுவருவது என்று எட்டுப் பேர் மரத்தடியில் பேசுவதுதான் அது. நடைமுறையில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும், கலந்தால் பரவாயில்லை.

இந்த ஏற்பாடு இயக்கம் பிறந்த அன்றே வந்தது. 1907 ஆகஸ்டில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு முகாம் போட்டபோது, முதல் வேலையாக அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்தார். காளை, ஓநாய், அண்டங்காக்கை, கர்லூ என்கிற நீண்ட அலகுள்ள கரையோரப் பறவை, இவைதான் அணிகளின் பெயர்கள். ஒவ்வொரு அணிக்கும் பெரிய பையன் ஒருவனைத் தலைவனாக வைத்து, தன் அணியின் ஒழுங்குக்கு நீதான் பொறுப்பு என்று அவனிடமே விட்டுவிட்டார். இரவில் ஒவ்வொரு அணியும் முறை வைத்து முகாமை விட்டுத் தள்ளிப் போய்த் தானே சமைத்துத் தானே காவல் காத்தது. அவர் ஒரு ராணுவ ஜெனரல், இருபது பையன்களைத் தானே விசில் ஊதி மேய்த்திருக்க முடியாதா? மேய்க்கவில்லை. எனக்கு அதில் பிடித்த இன்னொரு விஷயம், வசதியான வீட்டு, பெரிய பள்ளிக்கூடத்துப் பையன்களையும் பூல், போர்ன்மவுத் பக்கத்து உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் அவர் ஒரே அணிக்குள் கலந்து உட்காரவைத்தது.

அந்தக் கலப்பை நீங்களும் செய்ய வேண்டும். 6ஏ ஒரு அணி, 6பி ஒரு அணி, விடுதிப் பிள்ளைகள் ஒரு அணி என்று வசதிக்காகப் பிரித்தால் ட்ரூப்புக்குள் நான்கு வகுப்பறைகள்தான் இருக்கும். என் கணக்கு இது: ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு நண்பன் பெயரை எழுதித் தரட்டும், அந்த இருவரை மட்டும் பிரிக்காமல் வைத்து மீதியைக் கலைத்துப் போடுங்கள். ஒரு அணிக்குள் ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே வயது என்றால் யாரும் யாருக்கும் சொல்லித்தர மாட்டார்கள். எட்டுக்கு மேல் போகவும் வேண்டாம். ஒரு தடவை இடமில்லாமல் பதினோரு பேரை ஒரு அணியில் போட்டேன். வட்டமாக உட்கார்ந்ததில் மூன்று பேர் எப்போதும் வட்டத்துக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு மைதானத்துக் கபடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அணிக்குப் பெயர் வைக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். சாரணர் என்றால் விலங்கோ பறவையோ, சாரணியர் அணிகளுக்குப் பெரும்பாலும் பூக்கள். எல்லாருக்கும் புலியும் சிங்கமும்தான் வேண்டும், அதற்கு ஒரு சண்டை நடக்கும், நடக்கட்டும். அந்தச் சண்டைதான் அவர்களுடைய முதல் கவுன்சில். எங்கள் பள்ளியில் புலி கிடைக்காத ஒரு அணி கோபத்தில் கீரி என்று வைத்துக்கொண்டது, இப்போது அந்தப் பெயரைத் தொட யாரையும் விடமாட்டார்கள்.

அடுத்து பி.எல். யார்? இதில் நான் பண்ணிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பித்த வருடம் வகுப்பு லீடர்களையே பி.எல். ஆக்கிவிட்டேன். நன்றாகப் படிப்பார்கள், சொன்ன பேச்சைக் கேட்பார்கள், எனக்கு வேலை மிச்சம். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் ஒரு பி.எல். கையில் நோட்டு வைத்துக்கொண்டு "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த தலைமை அதுதான், போர்டில் பெயர் எழுதுவது. அதற்கப்புறம் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். விளையாடி முடித்ததும் யார் கூப்பிட்டால் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள், பந்து தொலைந்தால் யார் தேடப் போகிறான், சின்னவன் விழுந்தால் யார் தூக்குகிறான். அணியையும் கேட்டுக்கொண்டு அப்படிப்பட்டவனை வையுங்கள். அவன் கணக்கில் 40 மார்க் வாங்குகிறவனாக இருந்தாலும் சரி. செகண்டை பி.எல்.லே தேர்ந்தெடுக்கட்டும், ஏனென்றால் தினமும் அவனோடு முட்டிமோதப் போவது அவன்தான்.

இனி நண்பர் கேட்ட கேள்வி. பிள்ளைகள் ஏன் கதையடிக்கிறார்கள்? பி.எல்.லுக்கு என்ன செய்வதென்று தெரியாததால்தான். நாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஏழு பேரை ஒப்படைத்து "நடத்து" என்கிறோம். நமக்கே ஒரு பாடம் எடுக்க முந்தின நாள் தயாரிப்பு வேண்டியிருக்கிறது, இல்லையா. ஆகவே சாரண ஆசிரியரின் உண்மையான வேலை கூட்டத்தன்று கிடையாது, அதற்கு முந்தின நாள்தான். எங்களுக்கு ட்ரூப் கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு மணிக்குப் பி.எல்.களும் செகண்டுகளும் சாப்பாட்டுத் தட்டோடு என்னிடம் வந்துவிடுவார்கள். எட்டுப் பேர்தான். அந்த அரை மணிக்கு நான்தான் அவர்களுக்குப் பி.எல்., அவர்கள் என் அணி. மறுநாள் அவர்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்களோ அதை நான் அவர்களுக்குச் சொல்லித்தருவேன், அதே கயிறு, அதே விளையாட்டு, அதே வரிசை. கிளம்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் அவர்கள் கையெழுத்தில் ஐந்தாறு வார்த்தைக்கு மேல் இருக்கக் கூடாது. போன வாரத்துச் சீட்டு ஒன்று என் சட்டைப்பையிலேயே கிடக்கிறது, "நகம் – போலைன் – கிம் – சனி ஹைக் அரிசி – லாக்" என்று. போலைன் ஒரு முடிச்சு, கிம் ஒரு விளையாட்டு, லாக் அணியின் குறிப்பு நோட்டு. அவ்வளவுதான் அஜெண்டா. இந்த வியாழக்கிழமையைத் தவறவிட்ட வாரங்களில் வெள்ளிக்கிழமை கண்டிப்பாகச் சொதப்பும், எனக்கு ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

இடம். ஒவ்வொரு அணிக்கும் நிரந்தரமாக ஒரு மூலை வேண்டும், வாரம் ஒரு இடம் என்று மாற்றக் கூடாது. வேப்பமரத்தடி, சைக்கிள் ஸ்டாண்டின் கடைசி, மேடைப் படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம், இப்படி எதுவும் ஆகும். வகுப்பறை மட்டும் வேண்டாம். பெஞ்சைப் பார்த்ததும் பி.எல். போர்டுப் பக்கம் போய் நின்றுவிடுவான், மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள், முடிந்தது. தரையில் வட்டமாக உட்கார வேண்டும், பி.எல்.லும் வட்டத்திலேயே உட்கார வேண்டும். நடுவில் கயிறு, பக்கத்தில் அணியின் முக்கோணக் கொடி கட்டிய கம்பு. இரண்டு அணிகளுக்கு நடுவே ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காத தூரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்கத்து அணியின் சிரிப்பு இவர்களை இழுத்துவிடும்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம், எல்லா அணிகளும் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் பேச்சு காதில் விழாத இடம். எனக்கு அது கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் முப்பது அடி தள்ளி. பார்வையை எடுக்கவே கூடாது, அதில் சமரசம் வேண்டாம். பூட்டிய அறை, மொட்டைமாடி, யாரும் இல்லாத பின்கட்டு, இவற்றில் அணியை உட்காரவைக்காதீர்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக மறைவில் பேசக்கூடாது, அந்தப் பெரியவர் நீங்களாகவே இருந்தாலும். விடுமுறையில் அணிக் கூட்டத்தை யாராவது ஒரு பிள்ளை வீட்டில் வைத்தால் எல்லார் வீட்டுக்கும் முன்கூட்டியே தகவல் போக வேண்டும், அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அவரவர் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இதெல்லாம் பார்த்துக்கொண்டால் அதற்கு மேல் பக்கத்தில் போய் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. நீங்கள் வட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்ற அந்த நொடியே பி.எல். பேச்சு நின்றுவிடும், எல்லார் முகமும் உங்கள் பக்கம் திரும்பும். தப்பாக முடிச்சுப் போடுவதைப் பார்த்துக் கை துறுதுறுக்கும். பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நில்லுங்கள், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஒரு கார்னரை அப்படியே சொல்கிறேன். கீரி அணி, ஏழு பேர் (ஒருவனுக்குக் காய்ச்சல்). முதலில் அணியின் குரல், எல்லாரும் சேர்ந்து ஒரு சத்தம், அது கீரிச் சத்தமா என்று கீரிக்குத்தான் தெரியும். செகண்ட் வருகை குறித்துக்கொண்டான். பி.எல். "கையை நீட்டுங்கடா" என்று நகம் பார்த்தான், ஸ்கார்ஃப் மடிப்புப் பார்த்தான், தன் கையையும் செகண்டிடம் காட்டினான். அது நான் சொல்லிக்கொடுத்தது, பார்க்கிறவனையும் யாராவது பார்க்க வேண்டும் என்று. இதெல்லாம் மூன்றே நிமிடம். உடனே கயிறு. இங்கேதான் பெரும்பாலான புது பி.எல்.கள் தவறுகிறார்கள், கயிறை எடுக்காமல் பேச்சை ஆரம்பித்துவிடுவார்கள். "போன வாரம் என்ன பண்ணினோம்னா…" என்று இழுத்தால் இரண்டாவது நிமிடத்தில் ஒருவன் புல் பிடுங்க ஆரம்பிப்பான். முதலில் கைக்கு வேலை கொடுத்துவிட்டால் காது தானாக வரும்.

அன்றைக்குப் போலைன் முடிச்சு. இழுத்தாலும் இறுகாத கண்ணி, கிணற்றில் விழுந்தவரைத் தூக்க இடுப்பில் போடுகிற முடிச்சு என்று சொன்னால் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். முயல் வளையிலிருந்து வெளியே வந்து மரத்தைச் சுற்றி மறுபடி வளைக்குள் போகிறது என்று உலகம் பூராவும் சாரணர்கள் சொல்லித்தருகிற கதை ஒன்று உண்டு, வியாழக்கிழமை நானும் அப்படித்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை அந்தப் பி.எல். சொன்னது: "இது கீரிப் பொந்து. இது பனைமரம். கீரி பொந்துக்குள்ளருந்து மேல வருது, பனைக்குப் பின்னால சுத்துது, பாம்பைப் பாத்துட்டுத் திரும்ப அதே பொந்துக்குள்ள பாயுது, இப்ப இழு." ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மட்டும் வரவே இல்லை. மூன்று தடவை இழுத்தான், மூன்று தடவையும் கயிறு அவிழ்ந்து வெறுங்கயிறாகக் கையில் நின்றது. நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவன் கீரியைப் பொந்தின் மேலிருந்து கீழே விடுகிறான், கீழிருந்து மேலே வர வேண்டும். பாக்கெட்டில் கை. பி.எல்.லுக்கும் என்ன தப்பென்று தெரியவில்லை. அப்புறம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து போய் அவனுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில், அவன் பார்க்கிற திசையிலேயே உட்கார்ந்து, தன் கயிறை அவன் கயிறோடு ஒட்டிவைத்து மெதுவாகப் போட்டுக் காட்டினான். எதிரே உட்கார்ந்தால் இடம் வலமாகத் தெரியும் என்பது எனக்கே ரொம்ப நாள் உறைக்காத விஷயம். ஐந்தாவது தடவை கண்ணி நின்றது. அவன் காலை உள்ளே விட்டு இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

பத்து நிமிடக் கயிறுக்குப் பிறகு ஒரு விளையாட்டு, அதுவும் உட்கார்ந்தே. கிம் விளையாட்டு எப்போதும் கைகொடுக்கும். ஒரு துண்டின் மேல் 24 சின்னச் சின்னப் பொருள்கள், ஒரு நிமிடம் பார்க்க வேண்டும், மூடிவிட்டு எழுத வேண்டும். 16 வந்தால் நல்ல மதிப்பெண். பொருள்களை அணியே கொண்டுவரட்டும்: புளியங்கொட்டை, ஹேர்பின், பஸ் டிக்கெட், பேனா மூடி, பூவரசங்காய். மூளைக்கார பி.எல். இரண்டு பொருளை மட்டும் மாற்றி வைத்துவிட்டு எது மாறியது என்று கேட்பான். நேரம் இல்லாத அன்றைக்கு விளையாட்டைச் சுருக்குங்கள், தூக்கிவிடாதீர்கள். சின்னவர்கள் அடுத்த வாரம் வருவதே அதற்காகத்தான்.

முடிவெடுக்கிற பகுதி கடைசியில், ஐந்து நிமிடம். இதற்கு என்னிடம் ஒரே ஒரு கண்டிப்பான விதி: கருத்துக் கேட்கும்போது வயதில் சின்னவனிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிவர வேண்டும், பி.எல். கடைசியில் பேச வேண்டும். பெரியவன் முதலில் சொல்லிவிட்டால் சின்னவர்கள் "ஆமாண்ணா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். கை தூக்கி ஓட்டுப்போடுவதை முதல் சில மாதங்கள் தவிர்க்கச் சொல்வேன். ஏழு பேரில் நாலுக்கு மூன்று என்று ஜெயித்தால் தோற்ற மூன்று பேர் ஹைக் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவார்கள். பேசிப் பேசியே ஒரு இடத்துக்கு வரட்டும், ஐந்து நிமிடம் பத்து நிமிடமானாலும்.

அதோடு, முடிவு என்றால் அதில் ஒரு பெயர் இருக்க வேண்டும். "சமைக்கத் தேவையானதைக் கொண்டுவருவோம்" என்று முடிவெடுத்த ஒரு அணி, என் முன்னால்தான், மலையடிவாரத்தில் பையைப் பிரித்தது. ஏழு பையிலும் வெங்காயம். உப்பு இல்லை. ஆளுக்கு நூறு கிராம் கணக்கில் 700 கிராம் அரிசி வந்திருக்க வேண்டும், ஒன்றரைக் கிலோ வந்திருந்தது, பாத்திரம் ஒன்றுதான். பக்கத்து அணியிடம் உப்புக் கேட்டார்கள், அவர்கள் அதற்கு இரண்டு வெங்காயம் வாங்கிக்கொண்டுதான் தந்தார்கள். அடுத்த கூட்டத்திலிருந்து அந்த அணியின் நோட்டில் "உப்பு" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும், ஹைக் இல்லாத வாரத்தில்கூட. எனக்கு முதல் நாளே பைகளைச் சோதித்திருக்கத் தெரியாதா? தெரியும். குடிக்கத் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். உப்பில்லாத சோற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

லாக் புக். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாலு வரி போதும், தேதி, யார் வந்தார்கள், என்ன செய்தோம், என்ன முடிவு. முறை வைத்து எல்லாரும் எழுத வேண்டும், அழகான கையெழுத்துக்காரனிடமே தள்ளிவிடக் கூடாது. படம் வரைய ஆசைப்படுகிறவனுக்குப் பக்கத்தில் இடம் விடுங்கள். சிவப்பு மையால் எழுத்துப்பிழை திருத்துகிற பழக்கம் நமக்கு உண்டு, அந்த நோட்டில் மட்டும் வேண்டாம், அது அவர்களுடைய நோட்டு. தேர்வு முகாமுக்குப் போகும்போது லாக் கேட்பார்கள் என்பதற்காகக் கடைசி வாரத்தில் ஆறு மாதக் கூட்டத்தை ஒரே பேனாவில் எழுதி முடிக்கிற வழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில அளவிலான சாரணர் விருதுச் சான்றிதழ் கைக்கு வந்தால் போதும் என்று வருகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், அவர்களைத் திட்டி என்ன பண்ண, பெரியவர்கள் நாம்தான் அந்த வழியைக் காட்டுகிறோம். உண்மையான லாக் பார்த்தாலே தெரியும், எண்ணெய்க் கறை இருக்கும், "இன்று சண்டை. முடிச்சு போடவில்லை" என்று இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அறையில் ஏதோ கூட்டம் என்று நான் மாட்டிக்கொண்டேன், மைதானத்தைப் பார்த்துக்கொள்ள உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். வந்து லாக் பார்த்தால் கீரி அணியில் "சார் வரவில்லை. கிம்மில் 19" என்று எழுதியிருந்தது. முதல் வாக்கியத்துக்கு வருத்தப்படுவதா இரண்டாவதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

காசு விஷயம் சின்னதுதான், ஆனால் சண்டை அங்கேதான் வரும். அணிக்கென்று வாராவாரம் சேர்க்கும் சில்லறையைப் பி.எல்.லிடம் கொடுக்காதீர்கள், வேறு ஒருவன் பொருளாளராக இருக்கட்டும். கூட்டம் முடியும்போது வட்டத்துக்கு நடுவில் கொட்டி எண்ணி லாக்கில் எழுதிவிட்டு மூட வேண்டும். தர முடியாத பிள்ளையிடம் யாரும் கேட்கக் கூடாது என்பதைப் பி.எல்.களுக்கு வியாழக்கிழமையே தனியாகச் சொல்லிவையுங்கள்.

அணியில் எடுத்த முடிவு எங்கே போகிறது? கோர்ட் ஆஃப் ஹானருக்கு. பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பி.எல்.கள் எல்லாரும் சேர்ந்து உட்காரும் சபை, ட்ரூப்பின் நிகழ்ச்சி, காசு, ஒழுங்கு எல்லாவற்றையும் அங்கேதான் பேசி முடிவெடுப்பார்கள். அங்கே சாரண ஆசிரியர் ஆலோசகர் மட்டும்தான். நாங்கள் மாதம் ஒரு தடவை வைக்கிறோம். ஒவ்வொரு பி.எல்.லும் தன் அணி என்ன கேட்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும், "எனக்கு என்ன தோணுதுன்னா" என்று ஆரம்பித்தால் மற்றவர்களே "உன் அணி என்ன சொல்லுச்சு?" என்று கேட்பார்கள், அப்படிக் கேட்கப் பழக்கிவிட்டோம். அங்கே பேசியதில் ஒரு பிள்ளையைப் பற்றிய விஷயம் வெளியே போகக் கூடாது. மற்ற முடிவுகள் அடுத்த அணிக் கூட்டத்தில் திரும்பி வந்தே ஆக வேண்டும், "நாம கேட்ட நைட் ஹைக் இப்ப இல்ல, மழை முடிஞ்சதும்" என்று காரணத்தோடு. இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் பதில் வராவிட்டால் மூன்றாவது தடவை எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. பிள்ளைகள் கேட்டதை நீங்கள் மறுக்க வேண்டி வந்தால் அங்கேயே முகத்துக்கு நேராக மறுத்துவிடுங்கள், "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

2025 ஜனவரிக் கடைசியில் மணப்பாறையில் நடந்த தேசிய ஜம்போரி என்கிற சாரணர் பெருமுகாம் மாதிரிப் பெரிய கூட்டங்களைப் பார்க்கிறவர்களுக்குக் கொடியும் அணிவகுப்பும் கலைநிகழ்ச்சியும்தான் கண்ணில் படும். அங்கே போய்த் தங்குகிற பிள்ளைக்கோ யார் தண்ணீர் பிடிப்பது, யார் கூடாரக் கயிற்றை இறுக்குவது என்பதுதான் நாள் முழுக்க. அதெல்லாம் இந்த எட்டுப் பேர் வட்டத்தில் பழகியிருந்தால்தான் வரும்.

இனி தொல்லைகள். பி.எல். அதட்டுகிறவனாக இருந்தால் உடனே பதவியைப் பிடுங்காதீர்கள். தனியாக, ஆனால் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்து, "இன்னைக்கு யார் யார் பேசினாங்க, நீ எத்தனை நிமிஷம் பேசின?" என்று மட்டும் கேளுங்கள், பாதிப் பேர் அதிலேயே மாறிவிடுவார்கள். அடிப்பது, பட்டப்பெயர், சாதியைச் சொல்லிப் பேசுவது, காசு பிடுங்குவது, இவற்றில் ஒன்று நடந்தாலும் அன்றைக்குத் தள்ளி நிற்கிற கதையெல்லாம் கிடையாது, நேரே போய் நிறுத்துங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம். பேசாத பிள்ளையை "நீ ஏன் பேச மாட்டேங்கிற" என்று வட்டத்தில் வைத்துக் கேட்கச் சொல்லாதீர்கள், அவனுக்கு ஒரு பொறுப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள், கயிற்றுப் பையோ கொடிக் கம்போ. பையைத் திறக்க எல்லாரும் அவனிடம் வந்துதான் ஆக வேண்டும். தேர்வு மாதங்களில் கூட்டத்தை நிறுத்தாமல் பதினைந்து நிமிடமாக்குங்கள், ஒரு முடிச்சு, ஒரு விளையாட்டு, வீடு. இரண்டு மாதம் விட்டுவிட்டால் ஜூனில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விசில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சிறிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் என்றால் பி.எல்.கள் மட்டும் வர வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மைதானம் பூராவும் கத்தாதீர்கள், இதை ஊதி நான்கு பேரைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் போய்த் தங்கள் அணிக்குச் சொல்லட்டும். கொஞ்சம் மாறித்தான் போய்ச் சேரும், சிரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கயிறு. ஆளுக்கு ஒன்று இருந்தே ஆக வேண்டும், இரண்டு பேருக்கு ஒன்று என்றால் ஒருவன் எப்போதும் வேடிக்கை பார்ப்பான். ஹார்டுவேர் கடையில் பருத்திக் கயிறாகக் கேளுங்கள், நைலான் வழுக்கும், புதிதாகப் பழகும் பிள்ளைக்கு முடிச்சு நிற்காது. பெருவிரல் தடிமன் வேண்டாம், பென்சில் தடிமன் போதும், ஆளுக்கு இரண்டிலிருந்து மூன்று மீட்டர். வெட்டிக் கொடுத்ததும் முனை பிரிய ஆரம்பிக்கும், அதைச் சணல் நூலால் இறுக்கச் சுற்றிக் கட்டிவைக்க வேண்டும். அதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கட்டாதீர்கள். பிரிந்த முனையோடும் ஒரு நூல்கண்டோடும் முதல் கூட்டத்தில் பி.எல். கையில் கொடுத்துவிட்டு, போய்க் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.